ஏ.பி.எஸ். விளக்கு எரிந்தால் சென்சாரை மாற்றும் முன்...

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆனி, ஆடிச் சாரலிலும் ஐப்பசி மழையிலும் குமரி மாவட்டத்து ஒர்க்‌ஷாப்களுக்கு ஒரே புகாரோடு கார்கள் வந்து நிற்கின்றன: ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் இறுகி வழுக்காமல் காக்கும் அமைப்பு) விளக்கு அணையவில்லை. வண்டி ஓடுகிறது, பிரேக்கும் பிடிக்கிறது என்று பலர் அதை மாதக்கணக்கில் அப்படியே விட்டுவிடுகிறார்கள். இன்னும் சிலர் யாரோ சொன்னதைக் கேட்டு சென்சார், ஹப் (சக்கரம் பொருந்தும் நடுப்பாகம்), கடைசியில் ஏ.பி.எஸ். மாட்யூல் (அந்த அமைப்பை இயக்கும் மின்னணுப் பெட்டி) வரை மாற்றிப் பணத்தைக் கொட்டிவிட்டு, அதே விளக்கோடு வீடு திரும்புகிறார்கள். பெரும்பாலான வண்டிகளில் பழுது சக்கரத்துக்குப் பக்கத்தில் உள்ள வேக சென்சாரிலோ அதன் வயரிலோதான் இருக்கிறது. காரின் கோளாறு எண்களைப் படிக்கும் ஸ்கேனர், மின்னளவு பார்க்கும் மல்டிமீட்டர், கொஞ்சம் பொறுமை இருந்தால் எது கெட்டது என்பதைப் பொருள் வாங்கும் முன்னரே உறுதிசெய்துவிடலாம். கார் வைத்திருப்பவர்களுக்கும், இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் தம்பிகளுக்கும் பயன்படும் என்பதால் அந்த வேலையை விரிவாக எழுதுகிறோம். நீளம் கருதிச் சுருக்காமல் வெளியிட வேண்டுகிறோம்.

2018 ஏப்ரல் முதல் புதிதாக அறிமுகமாகும் கார் மாடல்களுக்கும், 2019 ஏப்ரல் முதல் ஏற்கெனவே விற்பனையில் இருந்த மாடல்களுக்கும் ஏ.பி.எஸ். கட்டாயமானது. அப்போது வாங்கிய கார்கள் இப்போது பல மழைக்காலங்களைப் பார்த்துவிட்டன. வயரின் ரப்பர் இறுகி, வயர்களை இணைக்கும் கப்ளரின் சீல் தளர்ந்து, பழுது தலைகாட்டும் வயது இது. டி.என். 74, டி.என். 75 எண்களில் ஓடும் கார்களில் இந்தப் புகார் இனிமேல் கூடத்தான் செய்யும்.

நான்கு சக்கரத்துக்கும் தனித்தனியே ஒரு சென்சார் உண்டு. சக்கரத்தோடு சுழலும் ஒரு வளையத்துக்கு நேராக, ஒரு மில்லிமீட்டர் சுமாருக்கு இடைவெளி விட்டு அது நிற்கும். நான்கின் வேகத்தையும் மாட்யூல் ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். பிரேக் பிடிக்கும்போது ஒரு சக்கரம் மட்டும் திடீரென்று மந்தமானால், அது சுழலாமல் வழுக்கப் போகிறது என்று கணித்து அந்தச் சக்கரத்துக்குப் போகும் அழுத்தத்தை மட்டும் விட்டு விட்டுப் பிடிக்கும். சென்சாரின் பேச்சை நம்பித்தான் இவ்வளவும் நடக்கிறது.

சென்சாரில் இரண்டு வகை. பழைய வகையில் வளையம் பல்சக்கரம் போன்ற இரும்பு; சென்சாருக்குள் ஒரு காந்தமும் கம்பிச்சுருளும். பல் ஒவ்வொன்றும் கடக்கும்போது சுருளில் சிறு மின்னழுத்தம் எழும். சக்கரம் மெதுவாகச் சுற்றினால் அந்த அழுத்தமும் குறைந்துபோகும். அதனால் மணிக்கு நாலைந்து கிலோமீட்டருக்குக் கீழே இந்த வகை ஊமை. புதிய வகைக்கு மாட்யூல் மின்சாரம் ஊட்ட வேண்டும். பெரும்பாலும் இதற்குப் பல்வளையம் இருக்காது. வீல் பேரிங்கின் சீலிலேயே வட துருவமும் தென் துருவமும் மாறி மாறிப் பதித்த காந்தப் பட்டை இருக்கும். துருவம் மாற மாற சென்சார் இழுக்கும் மின்னோட்டம் 7 மில்லி ஆம்பியருக்கும் 14 மில்லி ஆம்பியருக்கும் இடையே தாவும். இரண்டு வகைக்கும் வயர் இரண்டுதான் என்பதால் வெளியிலிருந்து பார்த்து வகை சொல்ல முடியாது. எந்த வகை என்று தெரியாமல் மீட்டரை வைப்பதில்தான் பல பிழைகள் தொடங்குகின்றன.

மீட்டருக்கு முன்னால் விளக்கையே கவனிக்கலாம். சாவியைத் திருப்பியதும் அது எரிந்து, மூன்று நான்கு நொடியில் அணைய வேண்டும். வண்டி நிற்கும்போதே அணையாமல் எரிந்தால் சுற்று எங்கோ அறுந்திருக்கிறது அல்லது ஷார்ட் ஆகியிருக்கிறது. அணைந்துவிட்டு, வண்டி நகர்ந்து 10, 20 கிலோமீட்டர் வேகம் எடுத்ததும் எரிந்தால் மின்சுற்று பெரும்பாலும் சரி, சிக்னல்தான் வரவில்லை. வளையம், இடைவெளி, பேரிங் என்று தேட வேண்டும். மழையில் எரிந்து வெயிலில் அணைந்தால் கப்ளரைப் பாருங்கள். ஸ்டீயரிங்கை முழுதாக ஒடிக்கும்போது மட்டும் எரிந்தால் முன் சக்கரத்து வயர் மடியும் இடத்தில் உள்ளே அறுந்திருக்கும். வண்டி ஒர்க்‌ஷாப்புக்கு வரும்போது ‘விளக்கு எரிகிறது’ என்பதோடு, எப்போது எரிகிறது என்பதையும் சொன்னால் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

விளக்கே எரியாமல் வரும் பழுது ஒன்று உண்டு. எங்களை அதிகம் கவலைப்பட வைப்பது அதுதான். வடசேரியிலோ தக்கலையிலோ நெரிசலில் ஊர்ந்து, முன்னால் நிற்கும் வண்டிக்குப் பின்னால் நிறுத்த மெல்லக் கால் வைக்கிறீர்கள். கடைசி இரண்டு மூன்று மீட்டரில் பெடல் காலுக்கடியில் ‘கிர்ர்’ என்று அதிர்ந்து, வண்டி நிற்காமல் முன்னே நழுவுகிறது. காய்ந்த சாலை, குறைந்த வேகம், டயர் வழுக்கவே இல்லை. ஒரு சென்சாரின் சிக்னல் மெலிந்து, மற்ற மூன்றுக்கு முன்னதாகவே பூஜ்யம் காட்டுகிறது. சக்கரம் இறுகிவிட்டது என்று தப்பாக எண்ணி மாட்யூல் பிரேக்கை விடுகிறது. வளையத்தில் விரிசல், வளையத்துக்கு அடியில் துரு, சென்சார் தூக்கி நிற்பது ஆகியவைதான் வழக்கமான காரணங்கள். இதை பூஸ்டர் (பெடலை மிதிக்கப் பலம் கூட்டும் பாகம்) கோளாறு, மாஸ்டர் சிலிண்டர் (பிரேக் ஆயிலை அழுத்தும் பாகம்) கோளாறு என்று நினைத்து அங்கே கைவைப்பவர்கள் உண்டு. பெடல் இப்படி அதிர்ந்தால் அது ஏ.பி.எஸ். வேலை செய்வதன் அடையாளம். பூஸ்டர் போனால் பெடல் கல்லாகுமே தவிர அதிராது.

ஏ.பி.எஸ். விளக்கோடு சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் வண்டியை ஓரங்கட்டி முதலில் பிரேக் ஆயில் அளவைப் பாருங்கள். ஆயில் சரியாக இருந்தும் இரண்டும் எரிந்தால், முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் பிரேக்கைப் பங்கிடும் வேலையும் நின்றுபோயிருக்கலாம். அப்போது அழுத்திப் பிடித்தால் பின் சக்கரம் முதலில் இறுகி வண்டி குறுக்கே திரும்பிவிடும். பேச்சிப்பாறை, கோதையாறு பக்கத்து ஏற்ற இறக்கங்களில் ரப்பர் இலை நனைந்து கிடக்கும் ரோட்டில் அந்த நிலையில் வண்டி ஓட்டவே கூடாது.

நம் மாவட்டத்தில் இந்தப் பழுதுக்குப் பெரிய காரணம் கடல். குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம், சின்னமுட்டம் என்று கரையோரம் நிற்கும் வண்டிகளின் அடியில் உப்புக்காற்று இரவு பகலாகப் படிகிறது. மீன் பெட்டி ஏற்றும் வண்டிகளில் ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் பின் கதவு வழியே சொட்டி, பின் சக்கரத்து வயர் மேலேயே விழுகிறது. அந்தத் தண்ணீர் வயரின் மேலோட்டில் ஒரு நூலளவு கீறல் கிடைத்தால் போதும், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் செம்பு இழைகளுக்கு இடையே ஏறிப் போகும். வெளியே வயர் பளபளப்பாகத்தான் இருக்கும். மேலுறையைப் பிளேடால் சீவிப் பார்த்தால் உள்ளே செம்பு நிறமே இருக்காது. இழைகள் கறுத்து, விரலால் தேய்த்தால் கரித்தூள்போல உதிரும். கீறலிலிருந்து ஒரு சாண் தள்ளி வெட்டினாலும் சில வயர்களில் அதே கறுப்புதான். கப்ளருக்குள் பார்த்தால் பின் என்னும் உலோக முனையைச் சுற்றிப் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். பாதிப் பழுதுகளை இந்தக் களிம்பு ஒன்றே உண்டாக்குகிறது என்று சொன்னால் தொழில் தெரிந்தவர்கள் மறுக்க மாட்டார்கள்.

மணலையும் சொல்ல வேண்டும். மணவாளக்குறிச்சிக் கரையின் கருமணலில் இல்மனைட் இருக்கிறது. மற்ற தாதுக்களிலிருந்து அதைப் பிரிப்பதே காந்தத்தைக் கொண்டுதான். வண்டியைக் கடற்கரை மணலில் இறக்கி நிறுத்துகிறவர்கள், பழைய வகை சென்சாரின் நுனியில் காந்தம் இருப்பதை நினைவில் கொள்ளுங்கள். பிரேக் தேய்மானத்தின் இரும்புத்தூள் ஏற்கெனவே அங்கே தாடிபோல் ஒட்டிக்கொண்டிருக்கும். காந்தம் இழுக்கும் மணல் துகளும் அதோடு சேரக்கூடும். பல சென்சார்களைத் துடைத்து மாட்டினாலே உயிர் வந்துவிடும். இவற்றோடு எலித் தொல்லை. தென்னந்தோப்பு வீடுகளில் மழை பிடித்ததும் எலி இன்ஜினுக்குள் குடியேறி முன் சக்கரத்து வயரைக் கடித்து வைக்கிறது.

இனி பரிசோதனை. ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் ஓ.பி.டி. கருவிகள் (காரில் செருகிக் கோளாறு படிப்பவை) பல இன்ஜின் கோளாறுகளை மட்டுமே படிக்கும், ஏ.பி.எஸ். மாட்யூலுக்குள் போகாது. அதில் ‘கோளாறு இல்லை’ என்று வந்தால் நம்பிவிடாதீர்கள். ஏ.பி.எஸ். படிக்கும் ஸ்கேனர் கோளாறை எரர் கோடு என்ற எண்ணாகக் காட்டும். பல கார்களுக்கு சி0035 என்றால் முன் இடது, சி0040 முன் வலது, சி0045 பின் இடது, சி0050 பின் வலது. ஹூண்டாய், கியா கார்களில் முன் இடதுக்கு சி1200 முதல், முன் வலதுக்கு சி1203 முதல், பின் இடதுக்கு சி1206 முதல், பின் வலதுக்கு சி1209 முதல் மூன்று மூன்றாக வரும். மூன்றில் முதலாவது அறுந்தது அல்லது ஷார்ட், இரண்டாவது விட்டு விட்டு வரும் சிக்னல், மூன்றாவது சிக்னலே இல்லை. இடது, வலது என்பதெல்லாம் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து முன்னே பார்க்கும்போது உள்ள இடது, வலது. வண்டிக்கு முன்னால் நின்று பார்த்து எதிர்ப்பக்கத்து சென்சாரைக் கழற்றிய கதைகள் ஏராளம். இந்த எரர் கோடு எந்தச் சக்கரத்துச் சுற்றில் கோளாறு என்று மட்டுமே சொல்லும். அந்தச் சுற்றில் சென்சார், வயர், இரண்டு கப்ளர், வளையம், மாட்யூல் எல்லாம் அடங்கும். எண்ணைப் பார்த்தவுடன் சென்சாருக்கு ஆர்டர் கொடுப்பதைத்தான் வேண்டாம் என்கிறோம்.

எரர் கோடைக் குறித்துக்கொண்டு, ஸ்கேனரில் அழித்துவிட்டு, ஆள் நடமாட்டம் குறைந்த நேரான சாலையில் 20, 30 கிலோமீட்டர் வேகத்தில் ஒருவர் ஓட்ட, மற்றவர் ஸ்கேனரில் நான்கு சக்கர வேகத்தையும் பார்க்க வேண்டும். நான்கும் ஒன்றிரண்டு கிலோமீட்டர் வித்தியாசத்துக்குள் இருக்க வேண்டும். வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் வேகமாகக் காட்டுவது இயல்பு. ஒன்று மட்டும் எப்போதும் ஒரே விகிதத்தில் கூடுதலாகவோ குறைவாகவோ காட்டினால், சென்சாருக்கு முன் டயர் அளவைப் பாருங்கள். சிறிய ஸ்டெப்னி மாட்டியிருந்தால் அப்படித்தான் வரும். பிறகு மெல்ல வேகத்தைக் குறைத்து நிறுத்துங்கள். எந்தச் சக்கரம் மற்றவற்றுக்கு முந்திப் பூஜ்யத்துக்கு விழுகிறதோ, பெடல் அதிர்வுக்குக் காரணம் அதுதான்.

சக்கரத்தைக் கழற்றும் முன் ஒரு வார்த்தை. மழை நனைத்த செம்மண் முற்றத்தில் ஜாக்கி புதைந்து சாயும். அடியில் தடித்த பலகை போடுங்கள். தூக்கும் முன்னரே நட்டுகளைத் தளர்த்தி, எதிர்ப்பக்கச் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, தூக்கியதும் ஸ்டாண்டு கொடுத்த பிறகே கையை உள்ளே விட வேண்டும்.

சக்கரம் வெளியே வந்ததும் மீட்டரை எடுக்காமல் கையால் வயரைத் தடவிப் பாருங்கள். சென்சாரிலிருந்து கப்ளர் வரை, கிளிப் பிடிக்கும் இடங்களிலும் ஸ்ட்ரட்டை (ஷாக் அப்சார்பர் தண்டை) ஒட்டி மடியும் இடத்திலும் மெல்ல இழுத்துப் பார்க்க வேண்டும். நல்ல வயர் விறைப்பாக நிற்கும். உள்ளே செம்பு அறுந்த இடம் ரப்பர்போல நீளும். முன் சக்கரத்துக் கப்ளர் பல கார்களில் இன்ஜின் அறையிலோ ஃபெண்டர் லைனருக்குப் பின்னாலோ இருக்கும். பின் சக்கரத்துடையது பின் சீட்டுக்கு அடியிலோ, தரைக்குக் கீழே ஆக்சில் பக்கமோ இருக்கும். கீழே இருப்பதைத்தான் முதலில் பாருங்கள், தண்ணீர் புகும் கப்ளர் அது. களிம்பு லேசாக இருந்தால் கான்டாக்ட் கிளீனர் அடித்து, மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்து, காய்ந்தபின் மாட்டலாம். கப்ளரின் உலோகப் பின்னே அரித்துச் சிறுத்திருந்தால் கப்ளரையே மாற்ற வேண்டும்.

வகையைக் கண்டுபிடிக்க ஒரு வழி: கப்ளரைக் கழற்றி, சாவியை ஆன் செய்து, வண்டிப் பக்கத்துக் கப்ளரின் இரண்டு பின்களுக்கு இடையே டி.சி. வோல்ட் பாருங்கள். பேட்டரிக்கு நெருக்கமாக வந்தால் புதிய வகை. அழுத்தம் மிகக் குறைவாக இருந்தால் பழைய வகையாக இருக்கலாம். மற்ற சக்கரத்திலும் பார்த்து உறுதிசெய்யுங்கள். ஒரு சூட்சுமம்: சுற்று அறுந்திருப்பதாகக் கண்டால் சில மாட்யூல்கள் சப்ளையையே நிறுத்திவிடும். அதனால் சாவியை அணைத்து, மீட்டர் கம்பிகளை வைத்துக்கொண்டு, ஆன் செய்த முதல் சில நொடிகளிலேயே அளவைப் பார்க்க வேண்டும். நல்ல சக்கரத்தில் 12 வோல்ட் வந்து, கெட்ட சக்கரத்தில் அந்த முதல் நொடியிலும் வரவில்லை என்றால் பழுது வயரிலோ மாட்யூலிலோதான். புது சென்சார் வாங்கி என்ன பயன்?

பழைய வகையானால் சாவியை அணைத்து, சென்சார் பக்கத்துக் கப்ளரில் ஓம்ஸ் பாருங்கள். பெரும்பாலான கார்களில் 800 முதல் 2000 ஓம் வரை வரும். புத்தக அளவு கையில் இல்லாவிட்டால் அதே ஆக்சிலின் மறுபக்கத்துச் சக்கரத்தோடு ஒப்பிட்டால் போதும். எண்ணே வராவிட்டால் அறுந்தது, பூஜ்யத்தை ஒட்டி வந்தால் ஷார்ட். ஒவ்வொரு பின்னுக்கும் வண்டி பாடிக்கும் இடையே தொடர்பு இருக்கவே கூடாது. மீட்டர் இணைப்பிலேயே இருக்க, வயரை நீளவாக்கில் ஆட்டி, மடக்கிப் பாருங்கள். எண் துள்ளினால் துள்ளிய இடத்தில்தான் பழுது. அடுத்து மீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து, சக்கரத்தைக் கையால் நொடிக்கு ஒரு சுற்று வேகத்தில் சுழற்றினால் குறைந்தது 0.1 வோல்ட்டாவது வர வேண்டும். ஓம்ஸ் சரியாக இருந்தும் வோல்ட் வராவிட்டால் நுனியின் தூளையும் இடைவெளியையும் பாருங்கள். ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழையும் வண்டிகளில் இடைவெளி பொதுவாக 0.3 முதல் 1.5 மில்லிமீட்டருக்குள் இருக்கும்.

புதிய வகை சென்சாரில் ஓம்ஸ் பார்க்கவே கூடாது. உள்ளே இருப்பது மின்னணுச் சில்லு. மீட்டர் காட்டும் எண்ணுக்கு அங்கே பொருள் இல்லை, சில நேரம் சென்சாரே பழுதாகிவிடும். ‘ஓம்ஸ் வரவில்லை, சென்சார் போச்சு’ என்று நல்ல சென்சாரைத் தூக்கி எறிவது இன்னும் நடக்கிறது என்பதால் அழுத்திச் சொல்கிறோம். இதற்கு ஒரு வயரை இணைத்தபடியே விட்டு, மற்ற வயரில் மீட்டரைத் தொடராக மில்லி ஆம்பியரில் வைத்து, சாவியை ஆன் செய்து, சக்கரத்தை மிக மிக மெல்ல, ஒரு விரல் அகலம் ஒரு விரல் அகலமாக நகர்த்த வேண்டும். மீட்டர் 7, 14, 7, 14 என்று தாவினால் சென்சாரும் காந்தப் பட்டையும் நலம். வேகமாகச் சுற்றினால் மீட்டர் இரண்டுக்கும் நடுவே 10 சொச்சம் என்று சராசரியைக் காட்டிக் குழப்பும். ஒரே எண்ணில் உறைந்து நின்றால் பட்டையோ சென்சாரோ கெட்டிருக்கிறது. பூஜ்யம் என்றால் சுற்று அறுந்திருக்கிறது.

பட்டையா சென்சாரா என்று எப்படிப் பிரிப்பது? சமீபத்தில் வீல் பேரிங் மாற்றினீர்களா என்று வண்டிக்காரரைக் கேளுங்கள். பேரிங் மாற்றிய மறுநாள் விளக்கு எரிந்தால் சென்சாரைக் குற்றம் சொல்ல வேண்டாம். காந்தப் பட்டை உள்ள முகம் சென்சாரைப் பார்த்தபடி அமர வேண்டும். திருப்பிப் போட்டு அழுத்தியிருந்தால் வண்டி சத்தமின்றி நன்றாக ஓடும், சிக்னல் மட்டும் இருக்காது. பார்வைக்கு இரண்டு முகமும் ஒன்றுபோலவே தெரியும். மெல்லிய இரும்பு ஊசியை நூலில் கட்டி அருகே கொண்டுபோனால் காந்த முகம் தன் பக்கம் இழுக்கும். காந்தம் காட்டும் அட்டையை வைத்தால் வரி வரியாகத் தெரியும். பட்டை இல்லாத, ஏ.பி.எஸ். அல்லாத பேரிங்கை விலை குறைவு என்று வாங்கி மாட்டியிருப்பதும் உண்டு. அந்த முகத்தில் சுத்தியல் அடியோ பிரஸ்ஸின் அழுத்தமோ படக்கூடாது, இரும்புத்தூள் கிடக்கும் மேசையில் வைக்கவும் கூடாது.

பல்வளையம் உள்ள கார்களில் அது பெரும்பாலும் டிரைவ் ஷாஃப்ட்டின் (சக்கரத்தைச் சுழற்றும் தண்டின்) வெளி முனையில் இருக்கும். வளையத்துக்கு அடியில் துரு பருத்து அதை வெடிக்க வைக்கும். விரிசல் மயிரிழைதான், ஆனால் அந்த இடத்தில் மட்டும் பல்லிடைவெளி அகன்றுவிடும். ஒரு முழுச் சுற்று சுழற்றி, டார்ச் அடித்து, ஒவ்வொரு பல்லாகப் பார்த்தால்தான் தெரியும். டிரைவ் ஷாஃப்ட்டை மாற்றும்போது பழையதன் பற்களை எண்ணிப் புதியதோடு ஒப்பிடுங்கள். எண்ணிக்கை வேறானால் அந்தச் சக்கரத்தின் வேகம் எப்போதும் பிசகியே தெரியும்.

இவ்வளவுக்குப் பிறகும் சென்சார்தான் கெட்டது என்று உறுதியானால் மாற்றலாம். பல கார்களில் அதைப் பிடிப்பது 10-ஆம் நம்பர் ஸ்பேனருக்கான ஒரே ஒரு போல்ட். சிலவற்றில் 5 மில்லிமீட்டர் ஆலன் கீ. துருப்பிடித்த தலை மழுங்காமல் இருக்க ஆறுமுனை சாக்கெட் போடுங்கள். போல்ட் சுலபமாக வந்துவிடும், சென்சார்தான் வராது. நக்கிளின் (சக்கரத்தைத் தாங்கும் இரும்புப் பாகத்தின்) துளைக்குள் துரு அதைச் சிமென்ட் வைத்ததுபோல் பிடித்திருக்கும். துரு இளக்கும் ஆயிலை அடித்து அரை மணி நேரமாவது விட வேண்டும். கடற்கரை வண்டியானால் முதல் நாள் இரவே அடித்து வைப்பது நல்லது. பிறகு பிளயரால் இடமும் வலமுமாகச் சிறிது சிறிதாகத் திருப்பி எடுக்க வேண்டும். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் தலை ஒடிந்து உடல் துளைக்குள்ளேயே நின்றுவிடும். அப்படி ஒடிந்தால் அவசரப்பட்டு டிரில் போடாதீர்கள். டிரில் உள்ளே தாண்டினால் வளையமோ பேரிங் சீலோ போகும். டிஸ்க்கையும் தேவையானால் ஹப்பையும் கழற்றி, பின்பக்கத்திலிருந்து தட்டி வெளியே எடுப்பதே பாதுகாப்பு.

சென்சார் வந்த பிறகு செய்யும் பத்து நிமிட வேலையில்தான் புது சென்சாரின் ஆயுள் இருக்கிறது. துளையின் உட்புறத்தை உருட்டிய உப்புத்தாளால் தேய்த்து, சென்சாரின் காது (போல்ட் போடும் பகுதி) உட்காரும் முகத்தை இரும்பு பளிச்சிடும் வரை சுத்தம் செய்யுங்கள். அங்கே அரை மில்லிமீட்டர் துரு மிஞ்சினால் சென்சார் அரை மில்லிமீட்டர் தூக்கி நிற்கும்; புது சென்சார் போட்டும் பெடல் அதிர்வு தீராததற்கு இதுவே காரணமாக இருக்கும். தேய்க்கும்போது துளையைத் துணியால் அடைத்து, தூள் உள்ளே விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சென்சாரின் உடலில் மட்டும், உலோகத்தூள் கலக்காத பிரேக் கிரீஸை மெல்லிய படலமாகத் தடவலாம். காப்பர் கிரீஸ் வேண்டாம். நுனியில் எதுவும் படக்கூடாது. கையால் அழுத்தினாலே சென்சார் முழுதாக உட்கார வேண்டும். போல்ட்டை இறுக்கி உள்ளே இழுக்க நினைத்தால் காது விரிந்துவிடும். போல்ட்டுக்கு 8 முதல் 10 நியூட்டன் மீட்டர் போதும், அதாவது சின்ன ஸ்பேனரில் மணிக்கட்டின் பலம்.

வயரைப் பழைய வழியிலேயே, பழைய கிளிப் ஒவ்வொன்றிலும் மாட்டுங்கள். கிளிப் உடைந்திருந்தால் புதிது வாங்குங்கள். ஒரு கிளிப்பை விட்டாலும் வயர் தொங்கி டயரில் உரசும். முன் சக்கரமானால் ஸ்டீயரிங்கை இரு பக்கமும் கடைசி வரை ஒடித்து, வயர் எங்கும் விறைக்கவில்லை, டிரைவ் ஷாஃப்ட்டில் படவில்லை என்று பார்க்க வேண்டும். சக்கரம் தொங்கும் நிலையில் ஒருமுறை, கீழே இறக்கிய பின் ஒருமுறை. கப்ளரின் சீல் இருக்கிறதா என்று பார்த்து, சிலிகான் கிரீஸ் ஒரு பொட்டு வைத்து, ‘டிக்’ என்று கேட்கும்வரை பூட்டுங்கள்.

வயரைச் சேர்த்து ஒட்டலாமா என்று பலர் கேட்கிறார்கள். வண்டிப் பக்கத்து வயரில், அசையாத இடத்தில் சேர்க்கலாம்: கறுப்பு மறைந்து செம்பு பளபளக்கும் வரை வெட்டிவிட்டு, சாலிடர் செய்து, உள்ளே பசை உள்ள ஹீட் ஸ்லீவ் போட்டு, இரண்டு வயரும் முறுக்கியே போயிருந்தால் அதே முறுக்கைத் திரும்பக் கொடுக்க வேண்டும். சக்கரத்தோடு ஆடும் பகுதியில் ஒட்டு நிற்காது. வெறும் இன்சுலேஷன் டேப் சுற்றியது அடுத்த மழையைத் தாங்காது. புதிய வகையில் இரண்டு வயரும் இடம் மாறிப்போனால் சென்சார் வேலை செய்யாது.

நட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக இறுக்கி, எரர் கோடை அழித்து, நேர்ச்சாலையில் 20 முதல் 40 கிலோமீட்டர் வேகத்தில் கொஞ்ச தூரம் ஓட்ட வேண்டும். பழுது தீர்ந்த பிறகும் சில கார்களில் வண்டி ஓடிய பின்னரே விளக்கு அணையும். உடனே அணையவில்லை என்று மறுபடி பிரிக்காதீர்கள். பிரேக் பைப் எதையும் திறக்காத வேலை இது. இதற்காக ஏர் எடுக்க (பைப்பில் உள்ள காற்றை வெளியேற்ற) வேண்டும், பிரேக் ஆயில் முழுதும் மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால் ஏன் என்று கேளுங்கள்.

மீன் ஏற்றும் வண்டிக்காரர்களும் கரையோரத்தில் இருப்பவர்களும் வாரம் ஒருமுறை சக்கர இடுக்கிலும் அடியிலும் நல்ல தண்ணீர் விட்டு உப்பைக் கழுவினால் இந்தச் செலவு வெகுவாகக் குறையும். வாட்டர் சர்வீஸில் பிரஷர் துப்பாக்கியைக் கப்ளருக்கு நேரே நெருக்கிப் பிடிக்க விடாதீர்கள். அந்த அழுத்தம் சீலைத் தாண்டித் தண்ணீரை உள்ளே தள்ளும்.

பழைய கார் வாங்குகிறவர்களுக்கு முக்கியமாக ஒன்று. சாவியை ஆன் செய்ததும் ஏ.பி.எஸ். விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரியவே இல்லை என்றால் சந்தோஷப்பட வேண்டாம். பழுதைத் தீர்க்காமல் விளக்கைத் துண்டிப்பது, வேறொரு விளக்கின் வயரோடு சேர்த்துவிட்டு அதோடு அணைய வைப்பது போன்ற வேலைகள் நடக்கின்றன. குடும்பத்தோடு பயணிக்கும் வண்டியில் இப்படிச் செய்வது மன்னிக்க முடியாத குற்றம் என்றே நாங்கள் கருதுகிறோம்.

தங்கள் நாளிதழ் வழியாக மாவட்டத்து ஒர்க்‌ஷாப் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறோம். சென்சார் மாற்றும்போது எரர் கோடு, நான்கு சக்கர வேகம், மீட்டரில் வந்த ஓம்ஸ் அல்லது மில்லி ஆம்பியர் ஆகியவற்றை பில்லின் பின்புறம் எழுதி, கழற்றிய சென்சாரையும் வண்டிக்காரர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். நாகர்கோவில் கோணம் அரசு தொழிற்பயிற்சி நிலையத்தில் மோட்டார் மெக்கானிக் படிக்கும் மாணவர்களுக்கு இந்த இரண்டு வகை சென்சாரையும் மேசை மேல் வைத்து, 7-க்கும் 14-க்கும் மீட்டர் தாவுவதை ஒருமுறை கண்ணால் காட்ட ஏற்பாடு செய்தால், கழற்றி எறியப்பட்ட பழைய பேரிங்குகளையும் சென்சார்களையும் நாங்களே சேகரித்துத் தரத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
கார் மின்பழுது பார்க்கும் மெக்கானிக்குகள் சிலர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.